லா ஹோயா குகைக்கடை: 145 படி இறங்கினால் ஊர்ப்பெயர் விளங்கும்

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வருகிற பெற்றோரை ஒரு ஞாயிற்றுக்கிழமை லா ஹோயாவுக்கு அழைத்துப் போவது இங்கே வழக்கம். கடல், கடல் சிங்கம், ஐஸ்கிரீம், நாலு போட்டோ, அப்புறம் வீடு. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவ்வளவு தூரம் போகிறவர்கள் கோஸ்ட் பூலவார்டில் இருக்கிற கேவ் ஸ்டோர் என்ற சின்னக் கடைக்குள்ளும் நுழைந்துவிட்டு வரவேண்டும் என்பேன். வெளியிலிருந்து பார்த்தால் டி-ஷர்ட்டும் நினைவுப் பொருட்களும் விற்கிற கடைதான். உள்ளே டிக்கெட் வாங்கினால் கடைக்குள்ளேயே ஒரு கதவு திறக்கிறது. அங்கிருந்து பாறையைக் குடைந்த படிகள் நேராகக் கடல் குகைக்குள் இறங்குகின்றன. அந்த ஊரின் பெயருக்குப் பலர் பல பொருள் சொல்கிறார்கள். எந்தப் பொருளை நம்பலாம் என்று எனக்குத் தெளிவானது அந்தக் குகையின் அடியில்தான்.

நான் திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு உறையில் டிரிச்சினோபொலி என்று இருக்கும், இன்னொன்றில் திருச்சி என்று இருக்கும், மூன்றாவதில் திரிசிரபுரம் என்று யாரோ ஒரு புலவர் எழுதியிருப்பார். மூன்றும் ஒரே பைக்குள் விழ வேண்டும். ஊர்ப்பெயரைச் சரியாகப் படித்ததுதான் எனக்குச் சோறு போட்டது. மகள் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாலையோரப் பலகைகளைப் படித்துக்கொண்டே வருவேன், பேரனிடம் உச்சரிப்பு கேட்பேன். இந்த விமர்சனத்தில் கடையைப் பற்றிச் சொல்வதைவிடப் பெயரைப் பற்றிச் சொல்வது கூடுதலாக இருந்தால் அதுதான் காரணம். இரண்டையும் பிரித்துச் சொல்லவும் எனக்கு வராது.

முதலில் உச்சரிப்பு. எழுதியிருப்பதை ஆங்கிலம் மாதிரி படித்தால் 'லா ஜொல்லா' என்று வரும். ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் சம்பந்தி அப்படித்தான் படித்தார். காரில் வழிகாட்டும் குரலும் அன்றைக்கு அதையே சொன்னது. "தாத்தா, அது ஹொய்யா" என்று பேரன் பின்சீட்டிலிருந்து திருத்தினான். ஸ்பானிய மொழியில் ஜே எழுத்துக்குத் தொண்டையிலிருந்து வரும் ஹகர ஒலி. இரண்டு எல் சேர்ந்து வந்தால் மெக்சிகோவிலும் கலிஃபோர்னியாவிலும் 'ய' ஒலி. ஆக, ஸ்பானியம் பேசுகிறவர் வாயில் அது 'லா ஹோயா'. இந்த ஊர்க்காரர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது முதல் எழுத்தை விழுங்கிவிட்டு நடுவில் அழுத்தி 'லஹொய்யா' என்கிறார்கள். இரண்டுமே சரிதான். 'ஜொல்லா' மட்டும் எந்த மொழியிலும் சரியில்லை.

தமிழ் பேசுகிற நாக்குக்கு இது கஷ்டமே இல்லை என்பதைச் சம்பந்தியிடம் சொன்னேன். "சம்பந்தி, மகன்னு சொல்லுங்க. நடுவுல ஒரு க வருதில்ல, அது எப்படி இழையுது பாருங்க. அதே மாதிரி லாகோயான்னு சேர்த்துச் சொல்லுங்க." அவர் சொன்னார், சரியாகவே வந்தது. மகன், அகலம், நகம் என்று சொல்லும்போது இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் நம் ககரம் மெலிந்து தொண்டையில் உரசுகிறது. அந்த உரசல் ஸ்பானிய ஜே ஒலிக்கு ஆங்கில ஹகரத்தைவிட நெருக்கமானது. கிரந்தம் பிடிக்காதவர்கள் 'லாகோயா' என்று சேர்த்து எழுதினால் தாராளமாகப் போதும். 'லா கோயா' என்று பிரித்து எழுதினால்தான் சிக்கல். சொல்லின் முதலில் வரும் ககரம் வல்லொலியாகிவிடும், வேறு பெயர் மாதிரி கேட்கும்.

சரி, கடைக்கு வருவோம்.

அந்தச் சுரங்கம் 1902 வாக்கில் வெட்டத் தொடங்கியது. குஸ்டாவ் ஷூல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் குகைக்கு மேலிருந்த இடத்தை வாங்கி, பாறைக்குள் வழி வெட்ட ஏற்பாடு செய்தார். வெட்டியவர்கள் இரண்டு சீனத் தொழிலாளர்கள். அவர்கள் கையில் இருந்தது கடப்பாறையும் மண்வெட்டியும்தான். படிகள் 145 என்று கடையே சொல்கிறது. இப்போது மரப்படிகளும் கைப்பிடியும் விளக்கும் இருக்கின்றன. பாறைச் சுவர் இரண்டு பக்கமும் தோளை நெருங்கி வருகிறது, சில இடங்களில் குனிந்துதான் போக வேண்டும். மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் பாறைக்குள் ஏறும்போது ஒரு குளிர்ச்சி முகத்தில் படுமே, அதே குளிர்ச்சி இங்கும் இருந்தது. ஈரமும் உப்பு வாடையும் இங்கே கூடுதல். என் மனைவி படி இறங்கும்போது ஒரு கையால் கைப்பிடியையும் இன்னொரு கையால் என் சட்டையையும் பிடித்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் நின்று, "யாரு வெட்டினாங்களோ, அவங்க கைக்குக் கும்பிடு போடணும்" என்றாள். அந்த இரண்டு பேரைப் பற்றி அன்று எங்கள் கூட்டத்தில் யாரும் அதைவிடச் சரியாகப் பேசவில்லை.

அடியில் ஒரு மரத்தளம் போட்டிருக்கிறார்கள். அதில் நின்று குகை வாயைப் பார்க்க வேண்டும். உள்ளே இருட்டு, வாய்க்கு வெளியே வெயிலில் பசிபிக் கடல். வாயின் விளிம்பு ஒரு மனித முகத்தின் பக்கவாட்டுத் தோற்றம் போல் வெட்டுப்பட்டிருக்கும். நெற்றி, நீண்ட மூக்கு, முகவாய் எல்லாம் தெரியும். இந்தக் குகையின் பெயர் சன்னி ஜிம். அந்தக் காலத்தில் விற்ற ஃபோர்ஸ் என்ற கோதுமைச் சீவல் டப்பாவில் இருந்த கார்ட்டூன் ஆளின் பெயர் அது. அந்த முகச்சாயலைப் பார்த்துக் குகைக்கும் அதையே வைத்துவிட்டார்கள். அலை உள்ளே வந்து பாறையில் மோதும்போது சத்தம் மார்பில் அடிக்கிறது. சுவரில் துருச்சிவப்பும் ஊதாவும் பச்சையுமாக நிறங்கள் ஓடுகின்றன. சிவப்பு இரும்புச் சத்தினால் வந்தது, பச்சை பாசி. மதுவிலக்கு நடப்பில் இருந்த 1920 முதல் 1933 வரையிலான காலத்தில் இந்த வழியாகச் சாராயம் ஏறிப்போனது என்றும் ஒரு கதை உண்டு. அது கதையாகவே இருக்கட்டும். எனக்கு அந்த இடத்தில் வேறொன்று முக்கியமாகப் பட்டது.

அந்தக் கரைப்பாறை சுமார் ஏழரைக் கோடி ஆண்டு பழைய மணற்பாறை. அதில் விரிசல் இருந்த இடங்களை எல்லாம் கடல் அரித்து அரித்துத் துளையாக்கியிருக்கிறது. ஒரு குகை மட்டும் இல்லை. வடக்கு பார்த்த அந்தச் செங்குத்துக் கரையில் வரிசையாக ஏழு குகைகள் இருக்கின்றன. ஒயிட் லேடி, லிட்டில் சிஸ்டர், ஷாப்பிங் கார்ட், கிளாம்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். நிலத்தின் வழியாக இறங்கிப் போக முடிவது சன்னி ஜிம் ஒன்றுக்குள் மட்டும். மற்றவற்றைக் கயாக் படகில் போய் வாசலில் நின்று பார்க்கலாம். லா ஹோயா ஷோர்ஸ் கடற்கரை மணலில் நின்று திரும்பிப் பார்த்தாலே அந்தத் துளைகள் வரிசையாகத் தெரியும்.

இப்போது பெயரின் பொருளைப் பாருங்கள். ஊருக்குள் யாரைக் கேட்டாலும் 'ரத்தினம்' என்பார்கள். ஸ்பானியத்தில் 'ஹோயா' என்றால் நகை, ரத்தினக்கல். 'லா' என்பது பெயருக்கு முன்னால் வரும் சுட்டுச்சொல். ஊரைப் பற்றிய விளம்பரங்களிலும் கடைப்பெயர்களிலும் 'ஜுவல்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 1887-இல் மனை பிரித்து ஏலம் விட்டு வளர்ந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊருக்கு ரத்தினம் என்ற பொருள் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் ரத்தினத்துக்கான ஸ்பானியச் சொல்லை ஒய் எழுத்துப் போட்டு எழுத வேண்டும். ஊர்ப்பெயரில் இருப்பது இரண்டு எல். ஒலி ஒன்றாகிவிட்டதால் எழுத்து மாறிவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். அறிஞர்கள் அதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாவது பொருள் 'குழி', 'பள்ளம்'. ஸ்பானியத்தில் பள்ளத்துக்கும் கிட்டத்தட்ட இதே சொல்தான், எழுதும்போது முதலில் ஹெச் வரும். இன்றைய ஸ்பானியத்தில் அந்த ஹெச்சுக்கு ஒலி கிடையாது. நாட்டுப்புறப் பேச்சில் அதைப் பழைய மாதிரி ஹகரமாகவே சொல்லும் வழக்கம் இருந்தது. காதில் விழுந்ததை எழுதியவர் ஜே போட்டு எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. இதற்குத் துணையாக இன்னொரு ஊரும் இருக்கிறது. இதே சான் டியேகோ மாவட்டத்தில், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, பாலமார் மலையடிவாரத்தில் லா ஹோயா என்று ஒரு இடம் உண்டு. லுயிசெனோ பழங்குடி மக்களுக்கான ஒதுக்கீட்டு நிலம் அது. அதே எழுத்து, அதே உச்சரிப்பு. அங்கே கடலும் இல்லை, கடலோர அழகை ரத்தினம் என்று புகழ வேண்டிய தேவையும் இல்லை. மலைக்கு நடுவில் இருக்கிற ஒரு நிலத்துக்குப் பள்ளம் என்ற பொருள் இயல்பாகப் பொருந்துகிறது. (மேப்பில் பெயரை மட்டும் போட்டுக் கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்கவும். ஒன்று கடற்கரை, இன்னொன்று மலை.)

மூன்றாவது பொருள்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஸ்பானியர் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் குமியாய் மக்கள். அவர்கள் மொழியில் இந்த இடத்தின் பெயர் 'மத் குலாஹூய்'. மத் என்றால் நிலம். முழுப்பெயருக்குப் பொருள் 'துளைகளின் நிலம்'. நடுவில் வருகிற ஹகரம் இங்கேயும் தொண்டையில் உரசுகிற ஒலிதான். 'குலாஹூய்' என்பதைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஸ்பானியம் மட்டுமே தெரிந்த ஒரு காதில் அதன் பின்பாதி எப்படி விழுந்திருக்கும்? 'லாஹூய்', 'லா ஹோயா' என்று விழுந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. தரங்கம்பாடி டிராங்குபார் ஆனதையும் தூத்துக்குடி டூட்டிகொரின் ஆனதையும் உறைகளில் பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்கு இது துளியும் வினோதமாகத் தெரியவில்லை. வந்தவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதுவார். எழுதியதற்குத் தன் மொழியிலேயே ஒரு பொருளும் கண்டுபிடித்துக்கொள்வார்.

அதனால்தான் இந்தக் கடைக்குப் போகச் சொல்கிறேன். மேலே தெருவில் நின்று பார்த்தால் கண்ணில் படுவதெல்லாம் ரத்தினம் என்ற பொருளுக்கே பொருந்தும். கலைக்கூடங்கள், நகைக்கடைகள், கடலைப் பார்த்த மாளிகைகள். 145 படி இறங்கி, ஒரு துளைக்குள் நின்று கடலைப் பார்த்தால், இந்த நிலத்தைக் குமியாய் மக்கள் ஏன் அப்படி அழைத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கரையெல்லாம் துளை. துளைகளின் நிலம். அவர்கள் பார்த்ததைப் பெயராக வைத்தார்கள். நம் ஊர்களில் குளத்தூர், பாறைப்பட்டி என்று வைப்பதும் அதே முறைதான். குமியாய் மக்கள் இன்றும் சான் டியேகோ மாவட்டத்திலும் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவிலும் வாழ்கிறார்கள் என்பதையும் குழந்தைகளிடம் சொல்லுங்கள். பெயர் கொடுத்தவர்களைப் பழைய காலத்தோடு முடிந்துபோனவர்களாக நினைத்துவிடக் கூடாது. என் பேரன் பள்ளியில் அந்தப் பெயரை எழுதிக் காட்டியிருக்கிறான். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

இனி பெயரைப் புழங்குவது பற்றி. தபால்காரன் கண்ணுக்கு இது மிகச் சுவையான ஊர். லா ஹோயா தனி நகரம் இல்லை. சான் டியேகோ மாநகராட்சியின் ஒரு பகுதிதான். மேயர், போலீஸ், தண்ணீர் எல்லாம் சான் டியேகோவுடையவை. தனியாகப் பிரிய வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. ஆனால் தபால் முகவரியில் மட்டும் அது தனி ஊர். லா ஹோயா, கலிஃபோர்னியா 92037 என்று எழுதினால் போய்ச் சேரும். போலியோ தடுப்பூசி கண்ட ஜோனாஸ் சாக் 1960-இல் தொடங்கிய ஆய்வு நிலையத்துக்கும் அதே எண்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்கு 92093 என்று தனி எண். பல்கலைக்கழகத்தின் பெயரில் சான் டியேகோ, முகவரியில் லா ஹோயா. அங்கே படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து பார்சல் அனுப்புகிறவர்கள் குழம்ப வேண்டாம். எண் சரியாக இருந்தால் போதும், ஊர்ப்பெயர் இரண்டில் எதை எழுதினாலும் பை மாறாது. 1972 ஆகஸ்ட் 15-இல் நம் நாட்டில் பின்கோடு வந்ததும் இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான்.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் 'தி வில்லேஜ்' என்றால் அது லா ஹோயாவின் பழைய கடைத்தெருப் பகுதி. பிராஸ்பெக்ட் தெருவும் ஜிரார்டு அவென்யூவும் இருக்கிற இடம். குகைக்கடையும் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் 'லா ஹோயா வில்லேஜ் டிரைவ்' என்ற பலகையைப் பார்த்துத் திரும்பி, அப்படியே கிழக்கே போய்விட்டால் யு.டி.சி. வணிக வளாகத்தில்தான் போய் நிற்பீர்கள். கடலைப் பார்க்க மேற்கே வந்து டோரி பைன்ஸ் ரோடு பிடித்து இறங்க வேண்டும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கு வழி சொல்லும்போது இதைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கடையைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார். படி இறங்க முடியுமா என்று சம்பந்தியைப் பார்த்துக் கேட்டு, அவசரப்படாமல் போய்வரச் சொன்னார். விடுமுறை நாள் மதியங்களில் கூட்டம் சேரும் என்பதால் காலையில் போவது நல்லது. கீழே மரத்தளத்தில் நிற்க இடம் கொஞ்சம்தான். கூட்டம் இருந்தால் போட்டோ எடுத்தவுடன் நகர வேண்டியிருக்கும், நின்று பார்க்க முடியாது. காசு கொடுத்து இறங்குவதற்கு ஏற்றதுதானா என்று சிலர் கேட்கிறார்கள். ஒரே ஒரு குகை, ஒரு தளம், பார்த்துவிட்டு ஏறிவிட வேண்டும் என்பது உண்மை. பெரிய குகைகளுக்குள் நடந்து சுற்றிய அனுபவத்தை எதிர்பார்த்தால் நிறைவாக இருக்காது. நூறாண்டுக்கு முன்னால் கையால் வெட்டிய சுரங்கம், உள்ளிருந்து பார்க்கிற கடல், ஒரு பெயரின் பொருள் என்று எண்ணிப் போனால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும்.

வயதானவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கோயில் மலைகளில் ஏற்றம் முதலில், இறக்கம் அப்புறம். இங்கே தலைகீழ். தெம்பாக இறங்கிவிட்டு, களைத்த காலோடு ஏற வேண்டும். நடுவில் உட்கார இடம் இல்லை. முட்டி வலி உள்ளவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள் இறங்க வேண்டாம். படிகள் ஈரமாக இருப்பதால் செருப்பைவிட ஷூ நல்லது. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோக வழியே இல்லை, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அலை வாட்டத்தையும் பார்த்துக்கொண்டு போங்கள். தண்ணீர் இறங்கியிருக்கும்போது பாறைகள் தெரியும். ஏறியிருக்கும்போது அலை முழக்கம் பிரமாதமாக இருக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

கரையோரம் முழுக்கக் கடல் சிங்கங்களும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் இருப்பதால் வாடை வரும். சில நாள் பலமாகவே வரும். அது அவற்றின் இடம், அந்த வாடைக்கு அஞ்சி அங்கே போகாமல் இருக்க வேண்டாம். தடுப்புக் கட்டியிருக்கிற இடங்களைத் தாண்டி அவற்றின் பக்கத்தில் போய் போட்டோ எடுப்பதை நம்மவர்களும் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். குட்டியோடு இருக்கும் கடல் சிங்கம் பாய்ந்துவிடும், அதற்கும் நிம்மதி கெடும்.

படி இறங்க முடியாதவர்கள் கடை வாசலிலேயே உட்கார வேண்டியதில்லை. பக்கத்தில் கோல்ட்ஃபிஷ் பாயிண்ட் என்ற முனை இருக்கிறது. கீழே தெளிந்த நீரில் ஆரஞ்சு நிறத்தில் மீன்கள் தெரியும். அவை கரிபால்டி மீன்கள், கலிஃபோர்னியாவின் மாநிலக் கடல் மீன், பிடிப்பது குற்றம். கடையை ஒட்டிக் கிளம்பும் நடைபாதையில் கொஞ்சம் போனால் மேலிருந்தே பாறைக்கரையையும் கயாக் படகுகளையும் பார்க்கலாம். அதற்குக் காசு கிடையாது. நாங்கள் ஏறி வரும்வரை என் மகளின் மாமியார் அங்கேதான் நின்றிருந்தார். குகைக்குள் போன எங்களைவிட அதிகமான துளைகளை அவர் பார்த்திருந்தார்.

கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை நாளாக இருந்தால் நானும் மனைவியும் ஓல்ட் டவுனிலிருந்து 30-ஆம் எண் பேருந்தில் போய்விடுவோம். வில்லேஜில் இறங்கிக் கடலை நோக்கி நடந்தால் போதும். டிக்கெட் விலையும் திறக்கும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். போனில் ஊர்ப்பெயர் சொல்ல வேண்டி வந்தால், மகன் என்பதில் வருகிற அந்தக் ககரத்தை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்.